இரண்டு தண்ணீரும் ஒரு தொட்டியும்

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம். வீடும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஊருக்குள் செல்போன் பரவ ஆரம்பித்த சமயத்தில் என் வீட்டுக்காரர் போர் போட்டார். தண்ணீர் பீறிட்டு வந்தபோது சட்டையைக்கூடக் கழற்றாமல் அதில் நனைந்துகொண்டு நின்றார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

அந்தத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது எனக்குத்தான். பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. குண்டானின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிந்தது. அவரிடம் சொன்னேன், பருப்பு பழசாக இருக்கும் என்றார். கடையை மாற்றினேன். அந்தக் கடைப் பருப்பும் வேகவில்லை.

சில மாதங்களில் திராட்சை இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. சொட்டுநீர்க் குழாயின் துளைகள் அடைத்துக்கொள்ள, ஊசி வைத்துக் குத்திக் குத்தி எனக்கு விரல் வலித்தது. அவர் ஏதோ நோய் என்று மருந்து அடித்தார். இலை தொடர்ந்து கருகியது.

ஒரு நாள் அவரிடம் சொல்லாமல் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, தேனியில் தண்ணீர் பரிசோதிக்கும் இடத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே இருந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

“கூல்டிரிங்ஸ் வாசம் வருதுக்கா. இத வச்சு ஒண்ணும் பாக்க முடியாது” என்றார். மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடித்து வரச் சொன்னார்.

மறுநாள் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மோட்டார் பக்கத்தில் நின்றதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு போனவர், கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாட்டிலோடு வந்தார். எங்கள் பழைய கிணற்றில் வாளியை இறக்கி எடுத்த தண்ணீர். “போறதுதான் போற, இதையும் கொண்டு போ” என்றார்.

அது எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்து ராவுத்தருக்கும் பொதுவான கிணறு. அவர் உத்தமபாளையத்துக்காரர், எனக்கு அண்ணன் முறை போலத்தான் பழக்கம். ஆளுக்கொரு போர் போட்ட பிறகு இரண்டு வீட்டாரும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. அவருடைய ஆட்கள் கிணற்று மேட்டில் பீப்பாயை வைத்து, கொடிக்கு அடிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலப்பார்கள், மருந்து டப்பாக்களை அங்கேயே கழுவுவார்கள். கல்லெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

முடிவு வந்தது. போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அதையே பாய்ச்சினால் மண்ணும் கெடும் என்றார் அந்த அம்மா. கிணற்றில் உப்பு குறைவுதான். இரண்டையும் சரிபாதி கலந்து விட்டால் பயிர் தாங்கும். ஆனால் கிணற்று மேட்டில் நடப்பதை நான் சொன்னதும், மருந்து கழுவுவதை நிறுத்தி, தூர் எடுத்து, மறுபடி பரிசோதிக்கும் வரை அதை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்றார்.

இதை ராவுத்தரிடம் சொல்ல எனக்குத் தயக்கம். குறை சொல்ல வந்ததாக நினைத்துவிட்டால்? பரிசோதனை முடிவுத் தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“ஏம்மா, இம்புட்டு நாளா எங்க ஆளுக அங்கனதான டப்பா கழுவுனாக. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“அது கெணறுங்கிறதே எங்களுக்கு மறந்துபோச்சுண்ணே” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே பீப்பாய் அவர் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது.

தூர் எடுக்க நான்கு நாள் ஆனது. சேறும் மட்டையும் உடைந்த பாட்டில்களும் கூடை கூடையாக மேலே வந்தன. நான்காம் நாள் பாறை இடுக்கிலிருந்து தெளிவாக ஓர் ஊற்று கசிந்தது. உள்ளே இறங்கியிருந்த என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் ஏந்தி வாய்க்குக் கொண்டு போனார். மேலே இருந்து சத்தம் போட்டேன். அப்படியே கையைக் கீழே விட்டார். “தங்கச்சி தாள் வாங்கிட்டு வந்தாத்தான் நமக்குத் தண்ணி” என்றார் ராவுத்தர். சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஐப்பசி மழையில் கிணறு பாதிக்கு மேல் நிறைந்தது. மறு பரிசோதனையில் குடிக்கலாம் என்று வந்தது. கிணற்று மேட்டில் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு தொட்டி கட்டினோம். கிணற்றிலிருந்து ஒரு குழாய், போர்களிலிருந்து ஒரு குழாய். அடுத்த கவாத்தில் கொடிகளை வெட்டிவிட்ட பிறகு வந்த இலைகள் ஓரம் கருகாமல் பச்சையாக விரிந்தன. வீட்டுக்காரர் ஒவ்வொரு பந்தலாகக் கூட்டிப்போய் எனக்குக் காட்டினார். நானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

விஷயம் பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரையும் கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். ஒரு தடவை ஒன்பது பாட்டில். ஒவ்வொன்றிலும் வீட்டு அடையாளம் எழுதி ஒட்டி, சாக்குப்பையில் போட்டு பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் தீர்த்தமா என்று கேட்டார். இல்லை, தோட்டத்துத் தண்ணீர், உப்பு பார்க்கக் கொண்டு போகிறேன் என்றேன். மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டிலும் போர்தானாம். எப்படிப் பிடிக்க வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டார். தேனி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.