மத்தில்துவின் பெயர்

லாஸ்பேட்டை வீட்டுக் கூடத்தில் என் மகள் கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டாள். ஒருவர் 'ரிலையபிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உருதுவில் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். 'பரோசா', அதாவது நம்பிக்கை, என்று அவர் சொன்னதும் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த முல்லா வீதி வீட்டின் பொதுச்சுவர் எனக்கு நினைவுக்கு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு பாய் தன் மனைவி சகீனாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். ஓர் ஆங்கிலச் சொல் வரும், பிறகு நீளமாக உருது, நடுவில் என் அம்மாவின் பெயர், உடனே சிரிப்பு. அம்மா மீன் கழுவிய கையோடு சுவரில் காதை வைப்பாள்.

"மத்தில்து மத்தில்துன்னு என்னாத்துக்குடா சிரிக்கிறாங்க?"

அவர்கள் வெளியூர் போனால் வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கும். அந்த முறை சகீனா சாவியை நீட்டியபோது அம்மா வாங்கவில்லை.

"என்னப் பத்தி என்னா பேசிக்கிறீங்க? அத மொதல்ல சொல்லு."

சகீனா நீட்டிய சாவியோடு நின்றாள். "ரிலையபிள்னா என்னான்னு கேட்டேன்க்கா. நம்ம சாவிய யாருகிட்ட நம்பிக் குடுக்குறோம், மத்தில்து அக்காகிட்ட, ரிலையபிள்னா அவங்க மாதிரின்னாரு. நான் அந்த வார்த்தைய சொல்ற லட்சணத்துக்குதான் சிரிச்சாரு."

அம்மா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு சுவர் வழியே அவள் பெயர் வரவேயில்லை. ஒரு வாரம் காத்திருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இப்ப ஏன்டா எம்பேரச் சொல்ல மாட்றாங்க?"

காணொளி முடிந்தது. உள்ளறையில் படுத்திருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"யாருடா அது, உருதுல பேசுறது? எம்பேரு வந்துச்சா?"

"வரலம்மா."

"நல்லா கேட்டியா?"