ஒண்டு இருக்குதுதானே

என் மகளுக்கு மூன்று வயதானபோது இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்பட்டோம். எனக்கு அப்போது முப்பத்தைந்து. வீடு கீரியில், கடற்கரையோரம். என் கணவர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போவார். நான் பஸ் ஏறிப் போய் நானாட்டானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தேன். மூத்தவள் கல்யாணமான கையோடு வயிற்றில் தங்கியவள். அதனால் இரண்டாவதைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெயர்கூட யோசித்து வைத்திருந்தோம்.

ஒரு வருடம் போனது. அடுத்த வருடமும் போனது.

"என்ன பிள்ளை அவசரம்? ஒண்டு பெத்த வயிறு. மற்றது தானா வரும்" என்றார் மாமி. கோயில் வாசலில் சந்திக்கும் பெண்களும், "ஒண்டு இருக்குதுதானே. அதுகூட இல்லாம எத்தினை பேர்!" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு வாய் திறக்க முடியாது. பிள்ளையே இல்லாதவள் அழுதால் யாராவது தோளில் கை வைப்பார்கள். பிள்ளை உள்ளவள் அழுதால் பேராசைக்காரி.

மாதாமாதம் நாள் தள்ளிப்போகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் பிந்தினாலே கலண்டரை எடுத்துத் திரும்பத் திரும்ப எண்ணுவேன். பிறகு பள்ளிக்கூடக் கழிப்பறையில் இரத்தத்தைக் காண்பேன். மணி அடிக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய், பிள்ளைகளோடு சேர்ந்து உரத்த குரலில் 'அம்மா, ஆடு' என்று சொல்லவேண்டும்.

மகள் தன் பழைய சட்டைகளை ஒரு பெட்டிக்குள் மடித்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

"அம்மா, தம்பி இன்னும் இயேசுவிட்ட இருந்து வெளிக்கிடேல்லையோ?"

"வெளிக்கிடுவார், மகள்."

பிறகு அந்தக் கேள்விக்குப் பயந்து அவளைக் கெதியாகப் படுக்கவைத்தேன். நேர்த்தி வைத்து மடுக் கோயிலுக்கு நடந்து போனோம். வெறுங்காலில் போய்க் கொப்புளத்தோடு திரும்பினேன். டொக்டரிடம் போவோம் என்று கேட்டபோதெல்லாம் அவருக்குக் கோபம் வந்தது.

"எங்களுக்கென்ன குறை? ஒண்டு பெத்தனாங்கள்தானே. ஊர் சிரிக்கப் போகுது."

அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. குறை இருக்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

என்னோடு படிப்பித்த முசலிப் பக்கத்து முஸ்லிம் டீச்சர்தான் நாலாவது வருடம் ஒருநாள் இடைவேளையில் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், கோவிக்காதீங்க. டொக்டரிட்டக் காட்டினீங்களா?"

"இல்லை. ஒண்டு இருக்குதுதானே, வரும் எண்டுதான்..."

"நானும் அப்பிடித்தான் இருந்தன். எனக்குத் தைரொயிட் பிழையெண்டு சோதிச்சாப் பிறகுதான் தெரிஞ்சது. குளிசை போட்டன், அல்லாஹ்ட உதவியால சின்னவன் கிடைச்சான். என்ன பிரச்சினையெண்டு தெரியாம எதுக்கு இருந்து அழுறீங்க?"

அன்று வீட்டுக்குப் போய், "நீங்கள் வராட்டி நான் தனியப் போறன்" என்று சொன்னேன். அவர் வந்தார்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் காட்டிய பெண் டொக்டர் முதலில் மூத்த பிள்ளையைப் பற்றித்தான் கேட்டார்.

"பிள்ளை பிறந்த பிறகு காய்ச்சல், அடிவயித்து நோ ஏதும் வந்ததோ?"

வந்தது. அப்போது நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து இலுப்பைக்கடவைப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்தோம். நான் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று மிளகும் மல்லியும் போட்டுச் சரக்குத் தண்ணீர் காய்ச்சித் தந்தார்கள். காய்ச்சல் விட்டதும் எல்லோரும் அதை மறந்துபோனோம்.

இருவருக்கும் சோதனை எழுதினார். என் கணவருக்குப் பிழை ஒன்றுமில்லை. எனக்குக் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். நோவில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கிருமி பிடிச்சதால ஒரு குழாய் முழுக்க அடைபட்டிட்டுது. மற்றதும் பழுது. முட்டையும் நல்லாக் குறைஞ்சிட்டுது" என்றார் டொக்டர்.

"நான் எப்ப வந்திருக்கவேணும், டொக்டர்?"

"இளம் ஆக்கள் ஒரு வருசம் பாக்கலாம். முப்பத்தஞ்சுக்குப் பிறகெண்டா ஆறு மாசம் பாத்திட்டு வந்திடவேணும். உங்களைப்போலக் காய்ச்சல் வந்த ஆக்கள், மாதவிடாய் ஒழுங்கில்லாத ஆக்கள், அந்த ஆறு மாசமும் காத்திருக்கத் தேவையில்லை. முதல் பிள்ளை சுகமாப் பிறந்ததெண்டு ஆரும் இருந்திடக்கூடாது."

எனக்கு அப்போது முப்பத்தொன்பது.

கொழும்புக்குப் போய் உடம்புக்கு வெளியில் கருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சையை ஒரேயொரு முறை செய்தோம். எடுத்த முட்டைகளில் ஒன்றுதான் கருவாகியது. அதை உள்ளே வைத்து அனுப்பினார்கள். வீட்டில் இருமக்கூடப் பயந்தேன். வயிற்றில் கை வைத்து, இரு, போகாதே, இரு என்று கெஞ்சிக்கொண்டே கிடந்தேன். அப்படி நான் கடவுளிடம்கூடக் கெஞ்சியதில்லை.

ஒரு காலையில் அது இரத்தமாகப் போனது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் கடற்கரைக்கு நடந்தேன். அவர் படகுக்குப் பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். மற்ற ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் யோசிக்காமல், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நீ அண்டைக்குச் சொல்லேக்கையே வந்திருந்தா..."

"விடுங்கோ" என்றேன்.

எங்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கவில்லை. சட்டைப் பெட்டியை மகளே ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போது யாராவது தாய், மூத்ததுக்கு ஐந்து வயதாகிவிட்டது, இன்னும் ஒன்றும் தங்கவில்லை என்று சொன்னால் நேராகவே கேட்டுவிடுவேன்: "எத்தினை வயசு உங்களுக்கு? ஏன் இன்னும் டொக்டரிட்டப் போகேல்லை?" சிலருக்கு அது பிடிப்பதில்லை. போன மாதம் ஒருத்தி, "டீச்சருக்கு என்ன வந்தது, மற்றவையின்ர வீட்டு விசயத்தில?" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அவளை மறுபடி கண்டால் மறுபடியும் கேட்பேன்.