கையிலா, இடுப்பிலா, காலிலா?

என் மச்சினன் கொளஞ்சியப்பனைப் பற்றித் திருப்பாப்புலியூரில் யாரையாவது கேட்டால், "குழந்தையைக் கொன்னானே, அந்த மெக்கானிக்கா?" என்பார்கள். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபப்படும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும்.

அவன் என் மனைவி தைலம்மாளின் தம்பி. எங்கள் முதலாளியின் பஸ் கொட்டகையில் மெக்கானிக். நான் அதே முதலாளியின் கடலூர் - சிதம்பரம் பஸ்ஸுக்கு டிரைவர், பெயர் கண்ணாயிரம். அவன் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் வேறு கம்பெனி டிரைவர்கள் கூடத் தங்கள் வண்டிக் கோளாறை அவனிடம் வந்து சொல்லிக் கேட்டுக்கொண்டு போவார்கள். பேச்சு குறைவு. சாப்பிடும்போது கூடத் தட்டின் விளிம்பை விரலால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பான். "சோத்தைத் தின்னுடா, தட்டுல என்ன பேரிங்கா போயிடுச்சு?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வான்.

வண்டி ஆடுகிறது என்று யார் வந்து நின்றாலும் அவன் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். முதலில் ஒரு கேள்வி கேட்பான். "கையிலயா, இடுப்புலயா, காலுலயா?" ஸ்டியரிங் பிடித்த கையில் ஆட்டம் தெரிந்தால் முன்சக்கரம். உட்கார்ந்த இடுப்பில் தெரிந்தால் பின்சக்கரம். மிதிக்கிற காலில் தெரிந்தால் பிரேக். பதில் வந்த பிறகுதான் குனிவான். அப்போது யுத்த காலம், பெட்ரோல் ரேஷன். ஓட்டிப் பார்க்க ஒரு சொட்டுக் கூடத் தர மாட்டார் முதலாளி. டிரைவர் வாயிலிருந்து வருவதை நம்பித்தான் அவன் வேலை நடந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மாதம். ஒரு வியாழக்கிழமை என் பஸ்ஸின் நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் லைனிங் மாற்றிப் பூட்டினான். மறுநாள் ஒரு கல்யாண கோஷ்டியைப் புவனகிரியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு தனியாகத் திரும்பினேன். புதுச்சத்திரம் தாண்டியதும் இடது பின்சக்கரம் பஞ்சர். அடைமழை. ஜாக்கி வைத்துத் தூக்கி வேறு சக்கரம் மாட்டினேன். கழற்றிய ஆறு நட்டையும் ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தேன். கால் இடறி, சாக்கு பக்கத்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் துழாவித் துழாவி மூன்றைத்தான் எடுக்க முடிந்தது.

மூன்றையே போட்டு முறுக்கினேன். முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் முன்கண்ணாடியை உடைத்திருந்தேன். "இன்னொரு தடவை எதையாவது ஒடச்சே, தொலைச்சே, சாவியை வச்சிட்டு வூட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது மூன்று நட்டு தேடிப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம், அதுவரை தாங்கும் என்று நினைத்தேன். நினைத்தேனாம், பெரிய புத்திசாலி!

சனிக்கிழமை காலை டிரிப்பில் முதலாளியே ஏறிவிட்டார். வழியெல்லாம் வண்டி குடுகுடுவென்று ஆடியது. கொட்டகைக்குத் திரும்பியதும் கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கத்தினார். "முந்தாநேத்து வேலை பாத்த வண்டி ஏண்டா இப்படி ஆடுது?"

அவன் என்னிடம் வந்தான். "மாமா, கையிலயா, இடுப்புலயா, காலுலயா?"

இடுப்பில்தான். சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஆனால் இடுப்பு என்று சொன்னால் நேராகப் பின்சக்கரத்துக்குப் போவான். அப்பியிருக்கும் சேற்றைச் சுரண்டி நட்டை எண்ணுவான். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"கையிலடா," என்றேன்.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றினான். பேரிங்கைத் துடைத்துப் பார்த்தான், டிரம்மைச் சுற்றிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி பூட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எதுக்கும் பின்னால ஒரு தடவை பாத்துடறேன் மாமா."

"அதெல்லாம் நான் பாத்துட்டேன். டயம் ஆச்சு, வுடு."

விட்டுவிட்டான். என் வார்த்தையை அவன் என்றைக்கும் தட்டியதில்லை.

மத்தியானம் புதுச்சத்திரத்துக்கு முன்னால், என் பஸ்ஸின் சக்கரம் ஒன்று தனியாக என்னை முந்திக்கொண்டு உருண்டு போனதைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் வண்டி வாய்க்காலில் கிடந்தது. முப்பது பேர் சிராய்ப்போடு ஏறி வந்தார்கள். மங்கலம் என்ற ஐந்து வயதுப் பெண் ஏறி வரவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பாதி போல்ட் முறிந்து கிடந்தது, நட்டு ஒன்று கூட மிஞ்சவில்லை. கடைசியாகச் சக்கரம் மாட்டியது யார் என்று கேட்டார்கள். எல்லாரும் கொளஞ்சியைக் காட்டினார்கள். "வழியில நீ சக்கரத்தைத் தொட்டியா?" என்று என்னைக் கேட்டார்கள். "இல்லீங்க" என்றேன். கோர்ட்டிலும் அதையே சத்தியம் செய்து சொன்னேன். அவனுக்கு ஆறு மாதம் ஜெயில்.

தீர்ப்பு சொன்ன அன்று, அந்தப் பெண்ணின் தாய் சின்னம்மாள் கோர்ட்டு வாசலில் காத்திருந்தாள். புவனகிரிக்காரி, புருஷன் இல்லாதவள், ஒரே பிள்ளை. அவனைக் கண்டதும் இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "நீ வெளங்க மாட்டடா! என் வயிறு எரியிற மாதிரி நீயும் எரிஞ்சி போவ!" மண் அவன் தலையிலும் முகத்திலும் விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற என் சட்டையிலும் கொஞ்சம் விழுந்தது. நான் தட்டிவிட்டேன். பாவி, தட்டிவிட்டேன்!

வெளியே வந்த பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அண்ணாமலை நகரில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் விறகு சுமந்தான். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அதே பேச்சு.

"கையிலதான மாமா ஆடுச்சு?"

"ஆமாண்டா."

"கையில ஆடுனா முன்சக்கரம். கழண்டது பின்சக்கரம். எப்படி மாமா? எத்தினி தடவை யோசிச்சாலும் வர மாட்டேங்குதே."

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். அன்றைக்கு நட்டை முறுக்க மறந்துவிட்டோம், மறந்ததே நினைவில்லாமல் போய்விட்டது என்று. அதன்பின் தன் கையையே நம்பாமல் போனான். ராத்திரி கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மூன்று தடவை எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பான் என்று, அவனோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த தைலம்மாள் சொல்லி அழுதாள்.

நாற்பத்தெட்டில் சயரோகம் வந்து படுத்தான். எலும்புதான் மிச்சம். போய் உட்கார்ந்தேன். "கையிலதான மாமா?" என்றான்.

அன்றைக்கு என்னால் முடியவில்லை. "இடுப்புலடா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

தலையை என் பக்கம் திருப்பினான். "எத்தினி நட்டு போட்ட?"

"மூணு."

"மூணு..." விரலை மடக்கினான். "சரியாத்தான் வருது. அவ்ளோ தூரந்தான் தாங்கும்." முகத்தில் ஒரு நிமிஷம் பழைய கொளஞ்சி தெரிந்தான். "அப்ப என் கை தப்பு பண்ணல. அஞ்சு வருசம் மாமா! ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு அஞ்சு வருசமா?"

நான் அழுதேன். அவன் அழவில்லை. "அந்தம்மாகிட்ட போயிச் சொல்லு. சொல்லாம என் பொணத்தைப் பாக்க வராத" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலாம் நாள் போய்விட்டான். எனக்கு அதற்குள் தைரியம் வரவில்லை. தைலம்மாள் உள்ளே அடித்துக்கொண்டு அழ, நான் தெருக்கோடியில் நின்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் புவனகிரிக்குப் போனேன்.

சின்னம்மாள் வாசலில் மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். மழை, நட்டு, கையில என்று சொன்ன பொய், கோர்ட்டுச் சத்தியம், ஒன்று விடாமல். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். எனக்கு உரியது வரட்டும் என்று கண்ணை மூடினேன்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தேன். மண் அவள் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"அந்த மனுசன் இருக்காரா?"

"இல்லம்மா. செத்துட்டான்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வெளங்க மாட்டடான்னு நான் சொன்னது பலிச்சிடுச்சே. ஒரு பாவமும் அறியாத மனுசன் மேல நான் தூத்துன மண்ணுய்யா அது. அதை இப்ப நான் எங்க போயித் திருப்பி எடுப்பேன்?"