வெற்றிலைச் சாறு என்று நினைத்த ரத்தம்

நான் ஆஸ்பத்திரிக்குப் பயப்படாத ஆள். பொய், ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வேன்.

அய்யலூர் சந்தையில் ஆடு விற்கும்போது இருமினால் சிவப்பாக வரும். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் பல் விளக்கும்போதும் சிவப்பாக வந்தது. என் மனைவி சரசு, "இன்னும் வெத்தலையே போடலையே, பெறகெப்படிச் செவக்கும்? கெளம்புங்க," என்றாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "பழைய டிபி புண்ணால நுரையீரல் ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கு. வெடிச்சா உசுரு தங்காது, அதுக்கு முன்னாடி அடைச்சிடணும்," என்றார்.

"அம்புட்டுச் சீக்கிரம் போக மாட்டேன் சார். அடைச்சு விடுங்க."

தொடை வழியாகக் குழாய் விட்டு, கம்பிச்சுருள் வைத்து அடைத்தார்கள். இப்போது வெற்றிலையை விட்டுவிட்டேன். துளி சிவப்பு தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போவேன். வீட்டுக்கு வந்த அன்று பங்காளிகள் எல்லாம்...

இருங்கள், சரசு கூப்பிடுகிறாள். "ஏங்க, கெடாய வெல கேட்டு ஆள் வந்திருக்கு. ரொம்பக் கொறச்சுக் கேக்குறாரு."

"வாரேன். நான் இனி தேறமாட்டேன்னு நெனச்சுக் கொறச்சுக் கேக்குறாரு. ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன்னு சொல்லு."