கேட் சீட்டில் இருந்த தேதி

விம்கோ நகரில் எனக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்கு அடியில் வைக்கிற மரப் பேலட்டுகள் செய்து கொடுக்கிறேன். என்னைக் கோபக்காரி என்று தெருவே சொல்லும். ஆனால் வரவேண்டிய பணத்தைக் கேட்கும்போது மட்டும் இந்த வாய் எங்கேதான் போய் ஒளிந்துகொள்ளுமோ.

எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு கம்பெனிதான் என் பெரிய வாடிக்கை. சரக்கு போய்ச் சேர்ந்து நாலு மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் வரும். போன் செய்தால், "பில் இன்னும் பாஸ் ஆகல மேடம்" என்பார் அங்கே கணக்குப் பார்ப்பவர். குரலில் அப்படியொரு பணிவு.

போன வருஷம் அப்படி இழுத்ததில் எங்கள் தச்சு மேஸ்திரிக்கு மூன்று வாரக் கூலி நின்றுபோனது. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, எட்டு வருஷமாக வருகிற மனிதர். அவர் இல்லாவிட்டால் என் கொட்டகையில் வெறும் பலகைதான் கிடக்கும். வளையலை அடகு வைத்துப் பாதிக் கூலி கொடுத்தேன். அவர் ஆணிப் பையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, மாதவரத்துல ஒரு குடோன்ல கூப்டுறான். இந்த மாசக் கடைசி வரிக்கும் பாக்குறேன். மீதி வரலன்னா பூடுவேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கம்பெனி கொடுத்த ஒப்பந்தத்தை எடுத்து மேஜையில் வீசினேன்.

"இன்னா எழுதிக்கீது அதுல? படி" என்றார்.

கையெழுத்துப் போட்ட நாளில்கூட நான் அதை ஒழுங்காகப் படித்ததில்லை. பில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளில் பணம் தரப்படும் என்று இருந்தது.

"ஏத்துக்கிறது யாரு?"

"அவங்கதான்."

"ஏத்துக்கவே இல்லன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முப்பது நாள் ஆரம்பித்தால்தானே முடியும்.

லோடு வண்டியோடு கம்பெனிக்குப் போய்வருவதும் அவர்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய சீட்டை எடுத்து நீட்டினார். "லோடு எறக்கசொல்ல கேட்ல சீல் குத்தித் தர்றான் பாரு. தேதி, மணி, எத்தினி பீஸு, அல்லாம் கீது. அவன் ஆளுதான் கையெழுத்துப் போடுறான். இந்தத் தேதிலேந்து எண்ணுன்னு எழுதேன்."

எட்டு வருஷமாக அந்தச் சீட்டுகளை நான் டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே ஜெராக்ஸ் கடையில் புது ஒப்பந்தம் அடித்தேன். கேட் சீட்டுத் தேதியிலிருந்து பதினைந்தாம் நாள் பணம். சரக்கில் குறை இருந்தால் மூன்று நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். முந்தின லோடுக்குப் பணம் வராமல் அடுத்த லோடு கிளம்பாது. அவ்வளவுதான், அரைப் பக்கம்.

கம்பெனி மேலாளர் படித்துவிட்டு, "இவ்ளோ நாள் இல்லாத பழக்கமா இருக்கே மேடம்?" என்றார்.

"இவ்ளோ நாள் எனக்குப் புத்தி இல்ல சார்" என்றேன். அவருக்கு அந்த வாரமே கப்பலேற வேண்டிய சரக்கு இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அந்த லோடு போன பதினைந்தாம் நாள் மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வங்கியிலிருந்து செய்தி வந்தது. முழுப் பணம். நான் யாருக்கும் போன் செய்யவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. எச்சில் கையோடு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைப் பக்கத் தாளுக்கு இவ்வளவு பலமா என்று மலைப்பாக இருந்தது. அதைவிட மலைப்பு, கேட் சீட்டைப் படிக்கத் தெரிந்த அந்த மனிதரை நினைத்தபோது.

அன்று சாயங்காலமே மீதிக் கூலியைக் கொடுத்தேன். "மாதவரம் போகலையே?" என்று கேட்டேன்.

"போகல. ஆனா எனக்கும் ஒரு பேப்பர் போடுக்கா."

"உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி?"

"சனிக்கிழமைக்கு சனிக்கிழமை கூலின்னு எழுது. கம்பெனிக்காரன் உனக்குக் குட்த்தாலும் சரி, குடுக்காங்காட்டியும் சரி."

எட்டு வருஷத்தில் அவருக்கு நான் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. கம்பெனி எனக்கு எப்படியோ, அப்படித்தான் நான் அவருக்கு இருந்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. அவர் சொன்னபடியே எழுதி நீட்டினேன். வாங்கி, இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.