செம்பருந்தும் பனிக்கையும் சந்தித்த தாள்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன் என்றால் பத்து மணி வரைக்கும் என்னை அசைக்க முடியாது. ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை ஒரு சேனலில் செம்பருந்து வருவான். சிவப்புச் சிறகு, பறப்பான். ஒன்பதரைக்குச் சேனலை மாற்றினால் பனிக்கை. அவன் எதைத் தொட்டாலும் உறைந்து போகும். இரண்டு பேருக்கும் தமிழில் குரல் கொடுத்தவர் ஒரே ஆள்தான் என்பதைக்கூடக் கண்டுபிடிக்காத வயது எனக்கு.

எனக்கு இருந்த ஒரே மனக்குறை, இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பது. ஒருவன் போன பிறகுதான் மற்றவன் வருவான். அதனால் அவர்களை நானே சந்திக்க வைத்தேன். கதை கேட்க ஆள் வேண்டுமே, மாமா அகப்பட்டார். அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். நாரணாபுரம் போகிற வழியில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து இட்லித் தட்டோடு என் பக்கத்தில் உட்காருவார். முதலில் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், தங்களை மூட்டிவிட்டவன் வேறொருவன் என்று பிறகு தெரியவரும், கடைசியில் கைகொடுத்துக்கொள்வார்கள். செம்பருந்து இடப்பக்கம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவன்தான் மூத்தவன். இதை வாராவாரம் சொல்வேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பார்.

"அவன் அப்பவே தூங்கியாச்சு. நீ சுவருக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள்.

அந்த வருஷம் தீபாவளி சீசனில், இரண்டு பட்டாசுக் கம்பெனிகளின் கிப்ட் பாக்ஸ் மூடி ஆர்டர் மாமாவின் மிஷினுக்கு வந்தது. ஒரு மூடியில் செம்பருந்து, இன்னொன்றில் பனிக்கை. தொட்டதையெல்லாம் உறைய வைக்கிறவனுக்குப் பட்டாசுப் பெட்டியில் என்ன வேலை என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அவன் படம் போட்டால் சரக்கு நகரும், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மாமா ஒரு பெரிய தாளைச் சுருட்டி எடுத்து வந்தார். விரித்தேன். இடப்பக்கம் செம்பருந்து, வலப்பக்கம் பனிக்கை. நீட்டிய கைகள் நடுவில் தொட்டுக்கொண்டிருந்தன.

"வேஸ்ட் ஷீட்டு தாயி. நோட்டுக்கு அட்டை போட்டுக்கோ" என்றார் மாமா.

வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் படம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கும். நான் சிவகாசிப் பிள்ளை. அடுத்த வருஷக் காலண்டரை இந்த ஆடியிலேயே பார்த்துவிடுகிற ஊர். வராத சினிமாவின் போஸ்டர் எங்களுக்கு முதலில் தெரியும். எது நடக்கப் போகிறதோ அது முதலில் இங்கே அச்சாகும், அப்புறம்தான் உலகத்தில் நடக்கும். ஆகவே செம்பருந்தும் பனிக்கையும் சேர்ந்து வரப்போகிறார்கள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மாமாவிடம் கேட்கக்கூட இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தாளை விரித்துக் காட்டினேன். வகுப்பும் சிவகாசி வகுப்புதானே, ஒருவர்கூட மறுக்கவில்லை. "அச்சுல வந்துருச்சுல்ல, அப்ப வந்த மாதிரிதான்" என்று என் எதிரியே ஒத்துக்கொண்டான். முன் பெஞ்சுக்காரன். வகுப்பில் என்னை மட்டம் தட்டுவதே அவனுக்கு வேலை. அந்த மிதப்பில், நாளைக்கு ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு எல்லாரும் வரலாம் என்று அழைத்துவிட்டேன்.

பதினோரு பேர் வந்தார்கள். அம்மா காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். ஒன்பது மணிக்குச் செம்பருந்து வந்தான். நாங்கள் ஏற்கெனவே பார்த்த கதை. தனியாகவே சண்டை போட்டுத் தனியாகவே பறந்து போனான். ஒன்பதரைக்குப் பனிக்கை வந்தான். அவனும் தனியாகத்தான். பத்து மணிக்குச் சோப்பு விளம்பரம் வந்தது.

"ஏலே, எந்திரிங்கலே. வேஸ்ட் ஷீட்டக் காட்டி ஏமாத்திட்டா" என்று முன் பெஞ்சுக்காரன் எழுந்தான். போகும்போது மிச்சக் காராச்சேவையும் அள்ளிக்கொண்டு போனான். திங்கட்கிழமை அந்த வகுப்பில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? அதை நினைத்துத்தான் அப்படி அழுதேன்.

அன்றைக்கு லோடு ஏற்றும் வேலை இருந்ததால் மாமா பத்தரைக்குத்தான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, "எல்லாம் ஒங்களாலதான்" என்று சொல்லித் தாளைச் சரியாக நடுவில் கிழித்தேன். தொட்டுக்கொண்டிருந்த கைகள் பிரிந்தன.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மாமா தடுத்தார். "விடுக்கா. வேஸ்ட் ஷீட்டுதான" என்று இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அவர் இட்லி சாப்பிடவில்லை என்று அம்மா பிறகு முணுமுணுத்தாள். தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை என் பைக்குள் தமிழ் நோட்டுக்குச் செம்பருந்து அட்டை, கணக்கு நோட்டுக்குப் பனிக்கை அட்டை. மடிப்புகள் கத்தி மாதிரி இருந்தன. பெஞ்சின் மேல் இரண்டு நோட்டையும் ஒட்டி வைத்தால் கைகள் தொட்டுக்கொள்ளும், தள்ளி வைத்தால் சண்டைக்கு நிற்பார்கள். மத்தியானத்துக்குள் வகுப்பே என் பெஞ்சைச் சுற்றி நின்றது. முன் பெஞ்சுக்காரன், "ஒரு தடவை நான் சேத்து வைக்கட்டா?" என்று கேட்டான். அவனைக் கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் கொடுத்தேன்.

படிப்பு முடிந்து நானும் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தேன். மூலையில் ஒரு பழைய ஒற்றைக் கலர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் முழுக்க ஓட்டி முடித்து, உருளையைக் கழுவி, அதே தாள்களைத் திரும்பச் சிவப்புக்கு விட்டார்கள். அப்புறம் நீலம், அப்புறம் கருப்பு. பக்கத்தில் வேஸ்ட் ஷீட் கட்டு கிடந்தது. இங்க் சரிபார்க்கத் திரும்பத் திரும்ப ஓட்டிய தாள்கள். சாமி முகத்தின் மேல் தீப்பெட்டி, அதன் மேல் பிஸ்கட், ஒரே குழப்பம். உண்மையான வேஸ்ட் ஷீட் அப்படித்தான் இருக்கும்.

மாமா ஓட்டியதும் இதே மாதிரி ஒற்றைக் கலர் மிஷின்தான். ஒருவனுக்கு நான்கு கலர் என்றால் இரண்டு பேருக்கு எட்டு. ஒருவனை ஓட்டும்போது அடுத்தவன் நிற்கிற பாதியைத் தாள் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். சீசன் நெருக்கடியில், எத்தனையோ நாள், அந்த ஒரே தாளை எடுத்து வைத்து எடுத்து வைத்து எட்டுத் தடவை மிஷினுக்குள் விட்டிருக்கிறார். மூத்தவன் இடப்பக்கம். கைகள் நடுவில். கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றவர் அத்தனையையும் கேட்டிருக்கிறார்.

மாமா இப்போது காரியாபட்டியில் அத்தையோடு இருக்கிறார். அன்று சாயங்காலமே போன் செய்தேன்.

"மாமா, அந்தச் செம்பருந்து தாள் வேஸ்ட் இல்லதான?"



"கடைசிக் கருப்பு ஒரு நூல் வெலகிருச்சு தாயி" என்றார். "பனிக்கைக்கு மூக்கு ரெண்டா தெரிஞ்சிருக்கும். நீ கிழிச்சப்ப, அதப் பாத்துட்டுத்தான் கிழிச்சுட்டன்னு நெனச்சேன்."

அவன் மூக்கை நான் கவனித்ததே இல்லை.