நான்காம் தீர்மானத்தில் ஓர் அம்பு ஸ்டிக்கர்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல மனிதரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. இது சண்டைகூட இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கும் இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் பகுதியில் ஒரு காப்பகம் இருக்கிறது. டிரஸ்ட் நடத்துவது. எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் நன்கொடை தருகிறார்கள். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு டீச்சரம்மா வாடகைக் கொட்டகையில் அதைத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்த் தொட்டில் ஆட்டினேன். மற்ற ஆறு நாளும் கம்பெனியில் செக்கிங் மேஜை. தொட்டில் ஆட்டிய உரிமையில் இன்று டிரஸ்ட் போர்டில் நானும் ஓர் ஆள். ஏழு பேரில் ஆறு பேருக்குப் பெயருக்குப் பின்னால் படிப்பு எழுதியிருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. இந்தப் பத்தியையே பென்சிலில் எழுதி அனுப்புகிறேன்; பத்திரிகை ஆபீஸில் ஒரு பெண் பிழை திருத்துகிறாள். விஷயத்தில் கை வைக்க மாட்டாள். வைத்தால் எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே தீர்மானத் தாள் வந்துவிட்டது. மொத்தம் ஏழு தீர்மானங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு மூன்று நாள் சரியாக இருந்தது. வேகமாகப் படிக்கிறவர்கள் வரிகளைத் தாண்டிப் போவார்கள். எனக்குத் தாண்டத் தெரியாது.

நான்காவது: 'இயக்குநரின் ஊதியத்தைச் சந்தை நிலவரத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தல்.' எவ்வளவு மாற்றம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆறாவது: 'நிதி நிலையைக் கருத்தில் கொண்டு மாலை நேரப் பிரிவை நிறுத்துதல்.'

மாலை நேரப் பிரிவு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். இங்கே ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும். ஆர்டர் அவசரம் என்றால் எட்டரை வரை இழுத்துவிடுவார்கள். ஒன்றரை ஷிப்ட். அந்தக் கூடுதல் மூன்று மணி நேரத்தில் வருகிற காசுதான் பல வீடுகளுக்கு வாடகை. அதுவரை பிள்ளையை யார் வைத்திருப்பது? எங்கள் காப்பகம்தான்.

செவ்வாய் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் லட்சுமி, இடுப்பில் இரண்டு வயசுப் பெண்ணோடு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், டெய்லர். புருஷன் இவளோடு இல்லை.

"ஏம்மா, அடுத்த மாசத்துலருந்து ஆறு மணிக்கே கதவச் சாத்திருவாகளாமே? நெசமா?"

"யாரு சொன்னா?"

"ஆயா சொன்னாக. ஒன்ற ஷிப்ட் இல்லைன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குத்தான் போகணும். அங்க போயி எதத் தைக்க?"

இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லி உள்ளே போனேன். எனக்கே அது பொய் போல இருந்தது. எங்கள் போர்டில் தீர்மானத் தாளில் வந்துவிட்டால் முடிவானது போலத்தான். சேர்மன் வாசிப்பார். "செரிதானுங்களே?" என்பார். "செரிங்க" என்போம். போண்டா வரும்.

சேர்மன் நாச்சிமுத்து, எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி. இயக்குநர் செல்வின், தூத்துக்குடிப் பக்கம். பத்து வருஷமாகக் காப்பகத்தை நடத்துபவர். நல்ல உழைப்பாளி. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும். அவரே எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்துகொண்டார். எப்போதும் அப்படித்தான்.

முதல் மூன்றும் வழக்கம்போல் முடிந்தன. சேர்மன் நான்காவதை வாசித்தார். கன்சல்டன்ட் ஒருவர் சென்னை, டெல்லி டிரஸ்ட்டுகளில் என்ன சம்பளம் என்று பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாராம். "செரிதானுங்களே?"

நான் என் தாளை மேஜையில் விரித்து அவர் பக்கம் தள்ளினேன். நான்காவது வரியில் ஓர் அம்பு ஸ்டிக்கர். ஆறாவது வரியில் ஒன்று.

திருப்பூரில் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துணியில் ஓட்டை, தையல் விட்டது, கறை என்று எது இருந்தாலும் செக்கிங்கில் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பு ஒட்டுவோம். வேலையை விட்டு வந்தபோது ஒரு ரோல் என் பையோடு வந்துவிட்டது. திருட்டில்லை, சூப்பர்வைசர் கொடுத்தது. மாத்திரை அட்டை, கரன்ட் பில் என்று சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் ஒட்டுவேன்.

சேர்மன் சிரித்துவிட்டார். "ஏனுங்கக்கா, நம்ம தீர்மானத்துக்கே ஸ்டிக்கருங்களா?"

"ஆமாங்க."

"என்ன டேமேஜுங்க?"

"அதைச் சொல்றதுக்கு முந்தி ஒண்ணு கேக்கோணுங்க. உங்க கம்பெனியில தெச்ச டெய்லரே அந்த பீஸைச் செக்கிங் பண்ணுவாரா?"

"அதெப்படிங்க பண்ணுவாரு?"

"அப்ப செல்வின் தம்பி எதுக்குங்க இங்க உக்காந்திருக்குது?"

செல்வின் முகம் சிவந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் முன்புதான் அவர் கையால் காபி வாங்கிக் குடித்தேன்.

"தம்பி, கோவிச்சுக்காத சாமி. செத்த நேரம் வெளிய இரு. உன்ற சம்பளத்தைப் பேசறப்ப நீ எதிர்ல உக்காந்திருந்தா எங்களுக்கு வாய் வராது."

"நான் எதுவும் சொல்லலையேம்மா" என்றபடி எழுந்து போனார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

கதவு மூடியதும் என்ன ஆனது தெரியுமா? அத்தனை பேரும் பேசினார்கள். ஆடிட்டர் கவிதா, எங்கள் போர்டிலேயே வயசில் சின்னவள், "இது ஜாஸ்திங்கம்மா, எனக்குப் போன வாரமே தெரியும். அவரு காபி குடுத்துட்டு மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறப்ப எப்படிங்க சொல்றது?" என்றாள். ஒருவர் ரிப்போர்ட்டைப் படிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இன்னொருவர், சேர்மன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாராம். சேர்மனோ, நாங்கள் யாரும் மறுக்கவில்லையே, அதனால் சரி என்று நினைத்தாராம்.

"அவரு கேட்டாருங்களா இவ்வளவு?" என்றேன்.

"இல்லீங்கக்கா. நானாத்தான் போட்டேன். பெரிய டிரஸ்ட்டுக்காரங்க யாராச்சும் கூட்டிட்டுப் போயிட்டா நாம என்ன பண்றதுங்க? எங்க கம்பெனியில நல்ல மேனேஜரை அப்படித்தான் புடிச்சு வெக்கறேன்."

"உங்க கம்பெனியில அது உங்க காசுங்க."

அவர் போண்டாவைப் பார்த்தார்.

"இன்னொண்ணுங்க. டைரக்டருக்கு டெல்லிய வெச்சுப் பாத்தீங்க. ஆயாக்களுக்கு எந்த ஊரை வெச்சுப் பாத்தீங்க?"

சேர்மன் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். நான் திரும்பக் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும்; பதில் வேறொரு நாள் வரும்.

இதைப் படித்துவிட்டு, சேவை செய்கிறவருக்குச் சம்பளம் எதற்கு என்று யாராவது எனக்குக் கடிதம் போடுவீர்கள். போடாதீர்கள். காப்பகத்தைத் தொடங்கிய டீச்சரம்மா ஒரு பைசா வாங்கவில்லை. அவரை நாங்கள் ஒரு கேள்வி கேட்க முடிந்ததா? பாலில் தண்ணீர் அதிகம் என்று சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. சும்மா உழைப்பவரையும் கேட்க முடியாது, அளவுக்கு மேல் வாங்குபவரையும் கேட்க முடியாது. நியாயமான சம்பளம் வாங்குகிறவரைத்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்கலாம்.

சேர்மன் கேட்டார், "அப்ப ரிஜெக்ட்டுங்களா?"

"எதுக்குங்க ரிஜெக்ட்? ஆல்ட்ரேஷன்."

உயர்வை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். மீதியில் மாலைப் பிரிவு நடக்குமா என்று கவிதா கணக்குப் போட்டாள். நடக்கும். ஆறாவது தீர்மானம் அடிக்கப்பட்டது. இனி யாருடைய விஷயம் பேசினாலும் அவர் வெளியே இருக்க வேண்டும் என்று புதிதாக ஒரு வரி எழுதினோம். நான்தான் சொல்லி எழுத வைத்தேன். அப்போது எனக்கு எவ்வளவு பெருமை...

செல்வினைக் கூப்பிட்டோம். சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். செல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மக காலேஜுக்குப் போறா, கொஞ்சம் கூட்டித் தாங்கன்னுதான் சார் கேட்டேன். இவ்வளவு நான் கேக்கல. நீங்களா எழுதுனீய. குடுக்கறத வேண்டாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சாயங்காலப் பிரிவு இருக்குதுல்லா? அது போதும். அந்த அம்மாமாருக்கு எப்படிச் சொல்லன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல."

அத்தோடு முடிந்திருந்தால் இந்த வாரம் நான் உங்களிடம் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பேசியிருப்பேன்.

சேர்மன் ஏழாவதை வாசித்தார். 'மூத்த உறுப்பினர் அவர்களுக்கு மாதந்தோறும் மதிப்பூதியம் வழங்குதல், கூட்டங்களுக்கு வந்து செல்ல கார் அனுப்புதல்.'

மூத்த உறுப்பினர் யார்? நான்தான்.

கவிதா என் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அம்மா... ஏழுக்கு ஸ்டிக்கர் ஒட்டலீங்களே?"

ஒட்டவில்லை. மூன்று நாளும் அதைப் படித்தேன். நன்றாகவே படித்தேன். கார் என்ன கலராக இருக்கும் என்றுகூட யோசித்தேன். முழங்கால் வலிக்கிறவளுக்குக் கார் நியாயம்தானே என்று தோன்றியது. அந்த இடத்தில் என் கண்ணுக்கு ஒரு டேமேஜும் தெரியவில்லை.

பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மெதுவாக எழுந்தேன். செல்வின் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார்.

"வெளிய காத்து நல்லா வருதும்மா. இப்பந்தான் பாத்துட்டு வந்தேன்."

பாவி. நன்றாகக் கொடுத்தார்.

வராந்தாவில் நின்றேன். கம்பி வழியாகப் பார்த்தால் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லட்சுமியின் பெண் தலைமாட்டில் அம்மாவின் துப்பட்டாவை வைத்துக்கொண்டிருந்தாள். மாலைப் பிரிவு நிற்காது என்று ஆயாவிடம் சொன்னேன். அவள் உடனே லட்சுமிக்குப் போன் போட்டாள். கம்பெனியில் டீ டைம் போல, எடுத்துவிட்டாள்; ஆயா விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். டீக்கடைச் சத்தத்துக்கு நடுவில் லட்சுமி அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"சனிக்கிழமை சம்பளம் வாங்குன ஒடனே ஒங்களுக்கு மல்லியப்பூ வாங்கியாரேம்மா."

"பூவெல்லாம் வேண்டாம் கண்ணு. அதுக்கும் நான் வெளிய போய் நிக்கோணும்."

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கூப்பிட்டார்கள். மதிப்பூதியம் கிடையாது. கார் கிடையாது. கூட்டம் நடக்கும் நாளில் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆட்டோ. முழங்காலுக்கு அது போதும் என்று முடிவாம். போதும்தான்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஜன்னல் சீட் வேறு. பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தேன். ஏழாவது வரியில் ஓர் அம்பு. என் ரோலிலிருந்து எடுத்து யாரோ கோணாமல், சரியாக 'மூத்த உறுப்பினர்' என்ற இடத்துக்கு நேராக ஒட்டியிருந்தார்கள்.

முப்பத்தொரு வருஷம் மேஜையில் நின்றவள் சொல்கிறேன்... நல்ல செக்கிங்.